ஆன் கிளிஃபோர்ட் எழுதியது குடும்ப வரலாறா, வழக்குக்கட்டா?

ஏட்டுப்புழு

1603-ல் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் இறந்தபோது அரசவைப் பெண்கள் துக்க உடையில் ஊர்வலமாக நடந்தார்கள். 13 வயதுப் பிரபுவீட்டுப் பெண் ஒருத்தியை மட்டும் சேர்க்கவில்லை. காரணம், உயரம் போதவில்லை. அதை அவள் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறாள், கோபம் நன்றாகவே தெரிகிறது. கொஞ்ச நாளில் புது ராஜா ஜேம்ஸின் ஆட்கள் தங்கிய அறையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்ததில் எல்லோருக்கும் பேன் பிடித்துக்கொண்டது, அதையும் எழுதியிருக்கிறாள். அம்மாவும் அவளும் வெயிலில் அவசரமாகப் பயணம் போனதில் ஒரே நாளில் மூன்று குதிரைகள் செத்துப்போனதும் இருக்கிறது.

அந்தப் பெண்தான் ஆன் கிளிஃபோர்ட். பிறந்தது 1590 ஜனவரி 30, யார்க்ஷயரில் ஸ்கிப்டன் கோட்டை. இறந்தது 1676 மார்ச் 22. இடைப்பட்ட 86 வருடத்தில் இரண்டு கணவர்கள், ஒரு பிரம்மாண்டமான சொத்துத் தகராறு, ஐந்து கோட்டைகளுக்கு மராமத்து, இது போக "மாபெரும் ஆவணப் புத்தகங்கள்" என்று மூன்று பெரிய தொகுதிகளில் தன் வம்சத்தின் கதை. 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கித் தன் காலம் வரை வருகிறது. அரச சாசனங்கள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகள் எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆணும் பெண்ணுமாக வாழ்க்கைக் குறிப்பு எழுதி, ஓரத்தில் தன் கையால் குறிப்புகள் போட்டிருக்கிறார். ஒரு செட் போதாது என்று மூன்று செட்.

இதைக் கதையாகச் சொல்பவர்கள் எல்லாரும் "பாட்டி உட்கார்ந்து குலப்பெருமை எழுதினாள்" என்ற தொனியிலேயே சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அது முழுக்க முழுக்க ஒரு வழக்குக்கட்டு, வரலாறு என்ற பெயரில் பைண்டு செய்து வைத்திருக்கிறார் என்றே படுகிறது. படித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புதுவாசகி

எனக்கு எதுவும் தெரியாது, முதலில் அந்தச் சொத்துத் தகராறு என்னவென்று யாராவது சொல்லுங்கள்.

வழக்காடி

சொல்கிறேன் அம்மா, முப்பது வருடம் சிவில் கோர்ட்டில் தேய்ந்தவன், இதில் எனக்கு ஒரு தனி ருசி.

அப்பா ஜார்ஜ் கிளிஃபோர்ட், கம்பர்லண்டின் மூன்றாம் ஏர்ல். ராணிக்காகக் கப்பல் கொள்ளை அடித்த பிரபு, 1598-ல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் கோட்டையைப் பிடித்தவர். சம்பாதித்ததை விட விட்டது அதிகம். ஆண் பிள்ளைகள் இரண்டு பேரும் சின்ன வயதிலேயே போய்விட, மிஞ்சியது ஆன் மட்டும். 1605-ல் சாகும்போது ஜார்ஜ் உயில் எழுதுகிறார்: கோட்டை, நிலம் எல்லாம் தம்பி பிரான்சிஸுக்கு, மகளுக்கு 15,000 பவுண்டு. தொகை சின்னதில்லை. அந்தக் காலத்துக்கு அது ராஜ சீதனம்.

இங்கேதான் சிக்கல். அந்த நிலங்களில் பெரும்பகுதி இரண்டாம் எட்வர்டு காலத்தில் ராபர்ட் கிளிஃபோர்டுக்கும் "அவர் உடலில் பிறந்த வாரிசுகளுக்கும்" என்று எழுதிக் கொடுத்தவை. ஆண் வாரிசு என்று மூலப்பத்திரத்தில் இல்லை, வெறும் வாரிசுதான். அப்படி வாரிசு வழியில் கட்டிப்போட்ட சொத்தை நடுவில் வரும் ஒருவர் தன் இஷ்டத்துக்கு உயில் எழுத முடியுமா? முடியாது என்பதுதான் அம்மா மார்கரெட் ரஸ்ஸல் பிடித்த பிடி. கணவர் இறந்த கையோடு ஆட்களை வைத்து லண்டனில் அரசுப் பதிவேடுகளைப் புரட்டி, பழைய சாசனங்களைத் தேடி நகலெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அதனால் ஏட்டுப்புழு சொல்வது சரி. ஆனால் அந்தப் புத்தகங்களின் விதையைப் போட்டது மகள் இல்லை, அம்மா. மகள் அதை வளர்த்தெடுத்தார். அதுவும் தனியாக இல்லை. பழஞ்சாசன ஆராய்ச்சியாளர் ரோஜர் டாட்ஸ்வொர்த்தும், பின்னாளில் தலைமை நீதிபதியான மாத்யூ ஹேலும் கைகொடுத்திருக்கிறார்கள். குலப்பெருமை எழுத யாராவது வக்கீல் வைப்பார்களா?

சந்தேகசாமி

பிரபுவீட்டுப் பங்காளிச் சண்டையில் யார் ஜெயித்தால் நமக்கென்ன? ஏழை எளியவர்களின் வாடகைப் பணம் சித்தப்பாவுக்குப் போகுமா மகளுக்குப் போகுமா என்பதுதானே விஷயம். இதில் பெண்ணியம் தேடுவது எனக்குப் புரியவில்லை.

ஏட்டுப்புழு

@சந்தேகசாமி, அதற்கு வருகிறேன், அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. முதலில் 1616-17 நாட்குறிப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் படித்தால் "யாருக்குப் போனால் என்ன" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது.

1609-ல் ரிச்சர்ட் சாக்வில்லோடு கல்யாணம். இரண்டே நாளில் மாமனார் இறந்து கணவர் டோர்செட்டின் மூன்றாம் ஏர்ல் ஆகிறார். கென்ட்டில் நோல் என்ற மாபெரும் வீடு. கணவருக்குச் சேவல் சண்டை, குதிரைப் பந்தயம், சூதாட்டம், அப்புறம் கடன். மனைவி நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் கைக்கு ரொக்கம் வரும். இவர் போடமாட்டேன் என்கிறார்.

1616 பிப்ரவரியில் கேண்டர்பரி பேராயரே தனியாக அழைத்து ஒன்றரை மணி நேரம் பேசுகிறார், சாமி பேரைச் சொல்லியும் உலக வழக்கைச் சொல்லியும். "அம்மாவைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன்" என்று வடக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். ஏப்ரல் 2 அன்று சாலையில் நின்று அம்மாவும் மகளும் அழுது பிரிகிறார்கள். அதுதான் கடைசி. மே 24 அன்று அம்மா இறந்துவிடுகிறார்.

அந்த இடைவெளியில் கணவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு வயது நிரம்பாத குழந்தை மார்கரெட்டைத் தாயிடமிருந்து பிரித்துத் தன்னிடம் அனுப்பச் சொல்லி ஆள் அனுப்பினார். கையெழுத்து வாங்க அதுவும் ஒரு வழி. ஆன் அழுதுவிட்டு அனுப்பிவைக்கிறார், கையெழுத்து மட்டும் போடவில்லை. ஊரில் பெரும்பாலோர் தன்னைத்தான் குறை சொல்கிறார்கள், பாலைவனத்து ஆந்தை போல இருக்கிறேன் என்று எழுதுகிறார் (விவிலிய சங்கீதத்தில் வரும் ஆந்தைதான்).

1617 ஜனவரியில் ராஜா முன்னால் நிறுத்துகிறார்கள். என்னிடம் விட்டுவிடுங்கள், நான் தீர்த்து வைக்கிறேன் என்கிறார் ஜேம்ஸ். உயிருள்ளவரை வெஸ்ட்மர்லண்டை (வடக்கே உள்ள குடும்ப நிலம்) பிரியமாட்டேன், மன்னிக்க வேண்டும் என்கிறார் இவர். ராஜாவின் மனைவியே முன்கூட்டி எச்சரித்திருந்தாராம், அவரிடம் முழுசாக ஒப்படைத்துவிடாதே, ஏமாற்றினாலும் ஏமாற்றுவார் என்று! எல்லா ஆண்களும் ஒரு பக்கம், கடைசியில் மார்ச் மாதம் ராஜாவின் தீர்ப்பும் சித்தப்பா பக்கமே. நிலம் அவருக்கும் அவர் ஆண் வாரிசுக்கும், பெருந்தொகை டோர்செட்டுக்கு. ஆன் அதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

இதற்கு நடுவில்தான் அதே நாட்குறிப்பில் குழந்தைக்குப் பிடித்து நடக்கவைக்கும் கயிற்றை வெட்டி எடுத்தது, அது தனியாக நடந்து இரண்டு மூன்று தடவை விழுந்தது, அடிபடவில்லை என்பதும், ஒரு நாள் இவருக்கே பாலாடைக்கட்டியை அதிகம் தின்று வயிறு கெட்டதும் வருகிறது. 1618 மட்டும் காணோம். 1616, 1617, 1619 கிடைக்கின்றன, அதுவும் மூலம் இல்லை, பின்னால் எடுத்த நகல்கள்.

நூலகத்துப்பூனை

அந்த நாட்குறிப்பை முதலில் முழுசாக அச்சில் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. விட்டா சாக்வில்-வெஸ்ட், 1923. அதற்கு முந்தின வருடம்தான் "நோலும் சாக்வில்களும்" என்று தன் குடும்ப வரலாற்றை எழுதியிருந்தார். அவரும் பிரபு வீட்டு ஒரே மகள், அவரும் எழுத்தாளர், அவரும் குடும்பக் காகிதங்களைக் குடைந்தவர். அப்பா 1928-ல் இறந்ததும் நோல் வீடு பெண் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை, சித்தப்பாவுக்குப் போய்விட்டது. முன்னூறு வருடம் கழித்து அதே கதை, அதே வீட்டில்.

இன்னொரு கூத்து இருக்கிறது. ஆனின் முதல் கணவருக்கு ஆண் வாரிசு தங்கவில்லை, மூன்று பையன்களும் குழந்தையிலேயே இறந்தார்கள். அதனால் 1624-ல் அவர் இறந்தபோது நோல், ஆனின் இரண்டு மகள்களுக்கு வராமல் கொழுந்தன் எட்வர்டுக்குப் போனது. ஆனுக்கும் எட்வர்டுக்கும் ஜென்மப் பகை. விட்டா அந்த எட்வர்டின் வழியில் வந்தவர். அதாவது ஆனின் நாட்குறிப்பைக் காப்பாற்றி வைத்திருந்ததும் அச்சடித்ததும் அவர் வெறுத்த மைத்துனன் வம்சம்தான்.

விட்டா தன் புத்தகத்தில் ஆன் காலத்து வேலைக்காரர் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார், யார் எந்தப் பந்தியில் சாப்பிடுவார்கள் என்று. சலவைப் பெண்கள் பந்தியில் கிரேஸ் ராபின்சன், சமையற்கட்டில் ஜான் மொராக்கோ, இருவர் பெயருக்குப் பக்கத்திலும் கறுப்பர் என்று குறிப்பு. 17-ஆம் நூற்றாண்டு கென்ட்டில் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டைவாசல்

நல்ல இழை. எனக்குப் பிடித்தது அவர் எழுதிய அந்தக் கடிதம்தான். தேர்தலில் தன் ஆளை நிறுத்தச் சொன்ன மந்திரிக்கு, ஆட்சியை அபகரித்தவன் மிரட்டிப் பார்த்தான், அரசவை உதாசீனம் செய்தது, ஒரு குடிமகன் எனக்கு ஆணையிட முடியாது, உன் ஆள் நிற்கமாட்டான் என்று நாலே வரியில் பதில். என்ன ஒரு தில்!

வழக்காடி

கோட்டைவாசல் தம்பி, அந்தக் கடிதம் கொஞ்சம் இடிக்கிறது. 1753-ல் ஹோரஸ் வால்போல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டது அது, ஆன் இறந்து 77 வருடம் கழித்து. கையெழுத்துப் பிரதியை யாரும் பார்த்ததில்லை, நடையும் 17-ஆம் நூற்றாண்டு நடையாக இல்லை. அவருடைய நிஜக் கடிதங்கள் நீளமானவை, மரியாதையாக வளைந்து வளைந்து போகும், ஆனால் இடம் கொடுக்காது. தகராறு நடந்தது உண்மை, 1668-ல் ஆப்பிள்பி இடைத்தேர்தல், அமைச்சர் தரப்பு ஆளை ஒதுக்கிவிட்டுத் தன் பேரனையே ஜெயிக்கவைத்தார். கடிதம் மட்டும் யாரோ பின்னால் செய்த மசாலா.

கோட்டைவாசல்

அடடா. பல வருடமாக மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறேன் சார்.

லீட்ஸ்_மாணிக்கம்

நான் ஸ்கிப்டனுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறேன், விருந்தாளி வந்தால் கூட்டிப்போகும் இடமே அதுதான். கோட்டையின் உள்முற்றத்தில் நிற்கும் யூ மரம் 1659-ல் ஆன் நட்டது. ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்ததும் நாடாளுமன்றம் கோட்டையை இடித்துப்போட்டது. திருப்பிக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் கூரை பீரங்கியைத் தாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் கட்டினார்.

உச்சரிப்பு ஒரு தலைவலி. அவருடைய இன்னொரு கோட்டையை ப்ரௌகம் என்று எழுத்தைக் கூட்டிப் படித்தால் உள்ளூர்க்காரர் சிரிப்பார், அது "ப்ரூம்". இன்னொரு கோட்டை "ப்ரஃப்". பெண்ட்ராகன் மட்டும் எழுதியபடியே. அந்தப் பெண்ட்ராகனை ஸ்காட்லாந்துக்காரர்கள் 1341-ல் எரித்தார்கள், முன்னூறு வருடத்துக்கு மேல் மொட்டையாக நின்றதை 1660-ல் இவர் மறுபடி குடியேறத் தக்கதாக்கினார். அந்தச் செலவைச் செய்ய யாருக்கு மனசு வரும்? ஒரு நியாயமான ஆள் ஒரே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். இவருக்கு மூதாதையர் இருந்த ஒவ்வொரு இடத்திலும் தான் படுத்து எழுந்திருக்க வேண்டும். கட்டில், திரைச்சீலை, ஆட்கள் பரிவாரத்தோடு கோட்டை கோட்டையாக மாறிமாறித் தங்கினார். கட்டிய இடமெல்லாம் கல்லில் பெயர் பொறித்தார், விவிலியத்தில் ஏசாயாவில் வரும் "திறப்பானதை அடைக்கிறவன்" வசனத்தோடு. அவர் இறந்து பத்து வருடத்துக்குள் பெண்ட்ராகன் கூரையின் ஈயத்தை உரித்து எடுத்தது வேறு யாருமில்லை, அவர் பேரன்.

புதுவாசகி

நிலம் சித்தப்பாவுக்குப் போய்விட்டது என்றீர்களே, அப்புறம் எப்படி இவர் கைக்கு வந்தது? வழக்கில் ஜெயித்தாரா?

ஏட்டுப்புழு

இல்லை! ஆயுசில் ஜெயித்தார். சித்தப்பா 1641-ல் போனார். அவர் மகன் ஹென்றி 1643 டிசம்பரில் ஆண் வாரிசு இல்லாமல் போனார். ராஜாவின் தீர்ப்புப்படியே, ஆண் வழி அற்றால் ஆனுக்கு. அப்போது வயது 53. போர் நடந்ததால் வடக்கே போக முடியவில்லை, லண்டனில் பேய்னார்ட்ஸ் கோட்டையில் இரண்டாம் கணவரின் பொருட்களைக் காத்துக்கொண்டு ஆறு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். 1649-ல்தான் கிளம்பினார், 59 வயதில்.

இரண்டாம் கணவர் பெம்ப்ரோக் ஏர்ல் பிலிப் ஹெர்பர்ட், 1630-ல் கல்யாணம். அம்மையில் முகம் கெட்டுப்போனதும் இனி மறுமணமே வேண்டாம் என்று இருந்தவர் ஏன் செய்துகொண்டார் என்பது தனிக் கதை, செல்வாக்கான துணை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். இவர் சின்ன மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொடு என்று அந்த மனிதர் நெருக்க, சில வருடத்திலேயே தனித்தனியானார்கள். இரண்டு புகுந்த வீடுகளைப் பற்றியும் அவர் எழுதிய ஒரு உவமை மறக்கவே முடியாது. ரோன் நதி ஜெனீவா ஏரிக்குள் புகுந்து, ஏரித் தண்ணீரோடு கலக்காமலேயே வெளியேறுமாம், அப்படி அந்த வீடுகளில் வாழ்ந்தேன் என்கிறார். நோலின் சலவைக்கல் தூண்கள் தனக்கு வேதனையின் அலங்காரப் பந்தல்கள் என்றும்.

வழக்காடி

இன்னொன்று. வெஸ்ட்மர்லண்ட் நிலம் கிளிஃபோர்டுகளுக்கு வந்ததே ஒரு பெண் வழியாகத்தான். ஜான் ராஜா 1203-ல் ராபர்ட் வியூபாண்டுக்குக் கொடுத்தது. அந்த வம்சத்து இசபெல்லாவைக் கட்டியதால் ரோஜர் கிளிஃபோர்டுக்குக் கிடைத்தது. பரம்பரை ஷெரிப் பதவியும் அதோடு சேர்த்தி. "பெண்ணுக்குப் போகக் கூடாது" என்று சித்தப்பா தரப்பு வாதாடிய சொத்தில் ஒரு பகுதி பெண்ணால் வந்தது! ஆனின் புத்தகங்களில் பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் அவ்வளவு இடம் இருப்பது பாசத்தால் மட்டும் இல்லை. ஒவ்வொரு பாட்டியும் ஒரு சாட்சி.

சந்தேகசாமி

சரி, இப்போது என் கேள்விக்கு வாருங்கள். சாட்சி, சாசனம் எல்லாம் இவருக்கு நியாயம் வாங்கித் தந்தது. குடியானவர்களுக்கு?

ஏட்டுப்புழு

வாங்கித் தரவில்லை. அதே காகிதத்தைத்தான் அவர்கள் மேலும் வீசினார். வடக்கே போய்ச் சேர்ந்த கையோடு வெஸ்ட்மர்லண்ட் குத்தகைக்காரர்கள் மேல் வழக்கு, வருடக்கணக்கில். தங்களுக்கும் பழைய வழக்கப்படியான உரிமை உண்டு என்று அவர்கள் சொன்னார்கள், இவர் சம்மதிக்கவில்லை. பாதி நாட்டைப் போர் அழித்திருந்த நேரம் அது. இதை மறைத்து அவரைத் தியாகி ஆக்குவதில் எனக்கும் உடன்பாடில்லை.

ஒரு நாட்டுக்கதை உண்டு, ஆதாரம் கேட்காதீர்கள், ஸ்கிப்டன் பக்கம் சொல்வது. ஹாலிஃபாக்ஸ் துணி வியாபாரி ஒருவர் வருடத்துக்கு ஒரு கோழி தரவேண்டிய பழைய வாடகையைத் தரமாட்டேன் என்றாராம். வழக்குப் போட்டு, 200 பவுண்டு செலவழித்து, அந்த ஒரு கோழியை வாங்கினாராம். வாங்கிவிட்டு, அவரையே சாப்பிடக் கூப்பிட்டு, அதே கோழியைச் சமைத்துப் பரிமாறினாராம்.

லீட்ஸ்_மாணிக்கம்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள்பியில் 1650-களின் தொடக்கத்தில் 13 விதவைகளுக்கு அவர் கட்டிய இல்லம் இன்றைக்கும் நடக்கிறது, கதவைத் திறந்தால் ஒரு சின்ன முற்றமும் வரிசையாக வீடுகளும். அம்மாவைப் பிரிந்த அந்தச் சாலையோரம் 1656-ல் ஒரு தூண் நட்டார், ஏ66 நெடுஞ்சாலையில் ப்ரூமுக்குப் பக்கத்தில், லாரிகள் பறக்கும் இடம். தூணுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான கல். வருடா வருடம் ஏப்ரல் 2 அன்று ஊர் ஏழைகளுக்கு 4 பவுண்டு அந்தக் கல்லின் மேல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார், இன்னும் கொடுக்கிறார்கள். தொகையும் அதே நாலு பவுண்டுதான்.

நூலகத்துப்பூனை

படத்தை யாருமே சொல்லவில்லையே. நிலம் திரும்பியதும் 1646-ல் வரையச் சொன்ன மூன்று மடிப்புப் படம், கெண்டலில் அபட் ஹால் காட்சியகத்தில் இருக்கிறது, சுவர் அளவு. இடப்பக்கம் 15 வயது ஆன், அதாவது சொத்து பறிபோன வயது. பின்னால் புத்தகங்கள் ஒழுங்காக, சாசர், மாண்டேன், காம்டன் எல்லாம் தலைப்போடு. வலப்பக்கம் 56 வயது ஆன், புத்தகங்கள் தாறுமாறாகச் சரிந்து கிடக்கின்றன, படித்துப் படித்துக் கலைத்தது போல. நடுவில் அப்பா, அம்மா, இறந்துபோன அண்ணன்கள் இருவர். நடுவில் ஆன் இல்லை என்று நினைப்போம். அம்மாவின் வயிற்றில் இருக்கிறார் என்பதுதான் படத்தின் கணக்கு. அப்பா இவரை வேறு மொழி கற்கவிடவில்லை, ஆங்கிலம் மட்டும்தான். அந்த ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டு இவ்வளவும்.

வழக்காடி

அந்த அப்பாவைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல், நமக்கும் சம்பந்தம் உண்டு. 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் கொடுத்த சாசனத்தில் முதல் பெயர் "கம்பர்லண்ட் ஏர்ல் ஜார்ஜ்". அவர் கட்டிய கொள்ளைக் கப்பலைத்தான் கம்பெனி வாங்கி "ரெட் டிராகன்" என்று பெயர் மாற்றி முதல் பயணத்துக்கு அனுப்பியது. 1612-ல் சூரத் பக்கம் போர்த்துகீசியரோடு சண்டை போட்டதும் அதே கப்பல்.

புதுவாசகி

கடைசிக் காலம் எப்படி?

ஏட்டுப்புழு

1676 ஜனவரி முதல் சாவதற்கு முதல் நாள் வரை நாட்குறிப்பு இருக்கிறது. ப்ரூமில், அப்பா பிறந்த, அம்மா இறந்த அதே அறையில். யார் வந்தார்கள், யாருக்கு என்ன கொடுத்தேன், நகம் வெட்டினேன் என்று வரும். நடுவில் திடீரென்று, இதே நாளில் 59 வருடம் முன்பு லண்டன் வைட்ஹால் அரண்மனையில் ஜேம்ஸ் ராஜா முன்னால் நின்றேன் என்று வரும். தேதி பிசகாது. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார், வாய்தாத் தேதி பார்ப்பது போல. மார்ச் 21-க்கான குறிப்பில், இன்று முழுவதும் வெளியே போகவில்லை என்று இருக்கிறது. மறுநாள் இறந்துவிட்டார்.

ஆப்பிள்பி தேவாலயத்தில் கல்லறை. படுத்திருக்கும் உருவச்சிலை கிடையாது. மேலே சுவர் நிறைய, தலைமுறை தலைமுறையாக யார் யாரைக் கட்டினார்கள் என்று கேடயச் சின்னங்களாலேயே ஒரு வம்ச மரம்.

சந்தேகசாமி

ஆக, கல்லறையும் மூலப்பத்திரம். ஒப்புக்கொள்கிறேன், சுவாரசியமான ஆள்தான். ஆனால் அந்த வியாபாரி இடத்தில் நான் இருந்திருந்தால் கோழியைத் தொட்டிருக்கமாட்டேன்.